வருடங்கள் கழித்துத் தொல்லை தரும் மெஷ்: விட்டுவைப்பதா, வெட்டிவிடுவதா, முழுதாக எடுப்பதா?

கருப்பை இறக்கத்துக்காகவோ, இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதற்காகவோ மெஷ் (உறுப்பைத் தாங்க உடலுக்குள் வைக்கும் செயற்கை வலை) வைத்துக்கொண்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு அது உள்ளே இருப்பதே மறந்துபோகிறது. சிலருக்கு மட்டும் வருடங்கள் கழித்துத் தொல்லை தலைதூக்குகிறது. விட்டுவிட்டு இரத்தம் படும், நாற்றத்தோடு வெள்ளை படும், உடலுறவின்போது குத்தும், தொடையிடுக்கில் சுருக்கென்று இழுக்கும். இன்னும் சிலருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையை நிறுத்தியதும் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். மாதவிடாய் நின்று யோனித் தோல் மெலியும் வயதில்தான் பலருக்கு இது முதல்முறையாக வெளிப்படுகிறது. பத்து வருடம் சும்மா இருந்த மெஷ் இப்போது எப்படிக் காரணமாகும் என்று நோயாளியும் நினைக்கிறார், மருத்துவரும் நினைக்கிறார். அங்கேயே மாதக்கணக்கு வீணாகிவிடுகிறது.

இந்த நிலையில் நான்கு வழிகள் உண்டு. ஒன்றும் செய்யாமல் கண்காணிக்கலாம், ஈஸ்ட்ரோஜன் கிரீம் போடலாம், மெஷ்ஷின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம், முழுவதையும் எடுக்கலாம். எவ்வளவு எடுப்பது என்பதைத் தொல்லை எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மெஷ்ஷின் மேல் உள்ள பயத்தை வைத்தோ, வைத்த மருத்துவர் மேல் உள்ள கோபத்தை வைத்தோ அல்ல. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறோம்.

உள்ளே இருப்பது எந்த மெஷ்?

"மெஷ் வைத்திருக்கிறார்கள்" என்ற தகவல் மட்டும் இருந்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒரே பொருள்தான், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஆனால் போகும் பாதை வேறு, ஆபத்தும் வேறு.

சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் டேப் சுமார் 1 செ.மீ. அகலமுள்ள பட்டை. சிறுநீர்த்தாரையின் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயின்) நடுப்பகுதிக்குக் கீழே ஊஞ்சல் போலத் தாங்கும். 1990-களின் நடுவில் வந்த முறையில் அதன் இரு கைகளும் (இருபக்கமும் நீளும் முனைகள்) பூப்பெலும்பின் (இடுப்பின் முன்பக்க எலும்பின்) பின்னால் ஏறி அடிவயிற்றுத் தோல்வரை போகும். 2001-க்குப் பிறகு பரவிய முறையில் கைகள் பக்கவாட்டில் திரும்பி, இடுப்பெலும்பிலுள்ள பெரிய துளை வழியாகத் தொடையின் உட்பக்கத் தசைகளைத் துளைத்துத் தொடையிடுக்கில் முடியும். இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பலன் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தது, பக்கவிளைவுதான் வேறுபட்டது. சிறுநீர் போக முடியாமல் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் பூப்பெலும்புப் பாதையில் 2.7 சதவீதம், தொடைப் பாதையில் ஒருவரும் இல்லை. வலுக்குறைவு, மரத்துப்போதல் போன்ற நரம்புத் தொல்லைகள் முதலாவதில் 4 சதவீதம், இரண்டாவதில் 9.4 சதவீதம்.

கருப்பை இறக்கத்துக்கு யோனி வழியாக வைத்த மெஷ் அகலமான துணி போன்றது. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையிலோ, மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையிலோ விரித்து, கைகளை இடுப்பின் பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள தசைநார்களுக்குள் செலுத்தியிருப்பார்கள். அதிகமாகத் தொல்லை தந்தது இந்த வகைதான். பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இதை வைத்துக்கொண்ட பெண்களில் 12 சதவீதம் பேருக்கு மெஷ் வெளியே தெரிந்தது, 8 சதவீதம் பேருக்கு அதற்காக மறு அறுவை செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-லும் 2011-லும் எச்சரித்தது. 2016-ல் இதை அதிக ஆபத்துள்ள சாதனங்களின் பட்டியலுக்கு மாற்றியது. 2019 ஏப்ரலில் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. அந்த உத்தரவு சிறுநீர்க் கசிவு டேப்புக்கும் வயிறு வழியாக வைக்கும் மெஷ்ஷுக்கும் பொருந்தாது. செய்தித் தலைப்புகளில் இந்த வேறுபாடு காணாமல் போனதால், எந்தத் தொல்லையும் இல்லாத பெண்கள்கூட டேப்பை எடுக்கச் சொல்லி வருகிறார்கள்.

நான்காவது வகை, வயிறு வழியாக (இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில்) யோனியின் உச்சியைத் திரிகவெலும்போடு (முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்போடு) இணைக்கும் மெஷ். அதைத் தனியாகப் பிறகு பார்ப்போம்.

ஆகவே பழைய அறுவைக் குறிப்பு கையில் இருந்தாக வேண்டும். சாதனத்தின் பெயர், பெட்டியிலிருந்து ஒட்டிய ஸ்டிக்கர், எந்தப் பாதை, கூடவே கருப்பையையும் எடுத்தார்களா, எந்த நூலால் தைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2000-க்கு முன்னும் பின்னும் சந்தைக்கு வந்த சில பழைய டேப்புகள் பல இழை முறுக்கியவை அல்லது நெருக்கமான கண்ணிகள் கொண்டவை. பாக்டீரியா நுழையும் அளவுக்கு இடம் இருக்கும், அதைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் நுழைய இடம் இருக்காது. அந்த வகை என்று தெரிந்துவிட்டால் கிரீமை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. இப்போது பயன்படும் ஒற்றை இழை, அகலக் கண்ணி மெஷ் என்றால் பொறுமைக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வெளியே தெரிவது, வலிப்பது, உறுப்புக்குள் புகுந்தது

தாமதமாக வரும் சிக்கல்களை இந்த மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். யோனித் தோல் விலகி மெஷ் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. தோல் நன்றாக மூடியிருக்கும், ஆனால் வலிக்கும், இது இரண்டு. சிறுநீர்ப்பை, சிறுநீர்த்தாரை, குடல் ஆகியவற்றின் சுவரைத் துளைத்து உள்ளே புகுவது மூன்று. ஒரே பெண்ணுக்கு இவற்றில் இரண்டோ, மூன்றுமோ சேர்ந்தும் இருக்கலாம்.

பரிசோதனையில் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. யோனிச் சுவரின் மடிப்புகளை விரித்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மணல் பேப்பர் போன்ற சொரசொரப்பு விரலுக்கு முதலில் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான் தெரியும். பக்கவாட்டு மடிப்புக்குள் 3 மி.மீ. அளவில் நீட்டிக்கொண்டிருக்கும் இழை, யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சர்வசாதாரணம். தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, சிறுநீரில் இரத்தம் இருந்தாலோ, அவசரமாகப் போகவேண்டிய உணர்வு புதிதாக வந்தாலோ சிஸ்டோஸ்கோப்பி (லென்ஸ் உள்ள குழலைச் செலுத்திச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது) கட்டாயம். சிறுநீர்ப்பையின் முன்சுவரும் கழுத்துப் பகுதியும் சரியாகத் தெரிய 70 டிகிரி லென்ஸ் வேண்டும், சிறுநீர்த்தாரையைப் பார்க்க நேராகப் பார்க்கும் லென்ஸ் வேண்டும். ஒரே லென்ஸில் அவசரமாகப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிய அறிக்கையை நம்பக் கூடாது. பாலிப்ரொப்பிலீன் சி.டி. ஸ்கேனில் சரியாகத் தெரியாது. டேப்பின் இடம், மடிப்பு, சிறுநீர்த்தாரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கெல்லாம் யோனி வாயிலில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டே சிறந்தது. எம்.ஆர்.ஐ. சீழ்க்கட்டியையும் எலும்புத் தொற்றையும் காட்டும்.

யோனியில் வெளியே தெரிந்தால்

இங்கே 1 சதுர செ.மீ. என்ற எல்லைக்கோடு உதவும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே இடத்தில், அந்த அளவுக்குக் குறைவாகத் தெரிந்தால் முதலில் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போட்டு மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்க்கலாம். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, மெஷ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, மூன்று மாதத்தில் மூடவில்லை என்றாலோ அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

கிரீமை வழக்கமாக இரவில் 0.5 முதல் 1 கிராம் வரை யோனிக்குள் தினமும் இரண்டு வாரமும், பிறகு வாரம் இரண்டு முறையும் போடச் சொல்வார்கள். அப்ளிகேட்டரால் ஆழமாகத் தள்ளிவிட்டால் முன்சுவரில் உள்ள புண்ணுக்குப் போய்ச் சேராது. விரல் நுனியில் எடுத்து அந்த இடத்திலேயே தடவுவது நல்லது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கிரீம் மெஷ்ஷை ஒன்றும் செய்வதில்லை, சுற்றியுள்ள தோலைத் தடிமனாக்கி விளிம்பை வளரவைக்கிறது, அவ்வளவுதான். புண்ணின் அடியில் தொற்று இருந்தாலோ, மெஷ் விறைப்பாக இழுபட்டிருந்தாலோ, புகைபிடிக்கும் பழக்கத்தால் இரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ தோல் வளர்ந்து மூடாது. நான்கு வருடமாகக் கிரீம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் சிகிச்சை அல்ல.

எந்தத் தொல்லையும் இல்லாமல், வேறு எதற்கோ பரிசோதிக்கும்போது தற்செயலாகத் தெரிந்த சிறு இழையை அப்படியே விட்டுவைக்கலாமா? தொற்று இல்லை, உடலுறவில் இருவருக்கும் குத்தல் இல்லை, சிறுநீர்ப்பை சுத்தம் என்றால் விட்டுவைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கணவருக்குக் குத்துகிறதா என்பதை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும்.

அடுத்த படி சிறிய அறுவை. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, தெரியும் இழையை மட்டும் கத்தரிப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் அதிகமாகத் தோற்பதும் அதுதான். மேலே தெரியும் நுனியை வெட்டியதும் மீதி தோலுக்கு அடியில் சுருங்கி நின்று, சில மாதத்தில் அதே இடத்திலோ பக்கத்திலோ திரும்பத் தெரியும். சரியாகச் செய்வதென்றால் புண்ணின் விளிம்பை வெட்டிப் புதிதாக்கி, சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. வரை தோலை அடியிலிருந்து பிரித்து, நன்றாக ஒட்டிய திசு வரும்வரை மெஷ்ஷை வெட்டி எடுத்து, தோலை இழுவை இல்லாமல் மெதுவாகக் கரையும் நூலால் தைக்க வேண்டும். ஆறு வாரம் உடலுறவு கூடாது. அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரம் கிரீம் போட்டால் தையல் நன்றாகப் பிடிக்கும். மெஷ்ஷை எடுக்காமல் தோலை மட்டும் இழுத்து மூடித் தைப்பது, முதல் சில வாரங்களில் தையல் விட்டுத் தெரிந்தால் பலிக்கலாம். வருடங்கள் கழித்து வந்ததற்கு அது பெரும்பாலும் நிற்பதில்லை. அதற்குள் மெஷ்ஷின் மேல் பாக்டீரியா படலம் படிந்திருக்கும்.

வெளியே தெரிகிறது, வலி இல்லை என்றால் முழுதாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இதில் எங்களுக்குத் தயக்கம் கிடையாது. ஒரே விதிவிலக்கு, தொடையிடுக்கிலோ புட்டத்திலோ துளை விழுந்து சீழ் வடிந்தால். அந்தப் பாதை முழுக்க மெஷ்ஷைத் தொடர்ந்து போய் எடுத்தால்தான் ஆறும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீழ் நிற்கும், மருந்தை நிறுத்தினால் திரும்பும்.

சிறுநீர்ப்பையிலும் சிறுநீர்த்தாரையிலும்

இங்கே தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எடுத்தாக வேண்டும். சிறுநீரில் நனையும் மெஷ் மேல் உப்புப் படிந்து கல்லாகும், தொற்று விடாது. எந்த வழியாக எடுப்பது என்பதில்தான் விவாதம்.

சிறுநீர்ப்பைக்குள் தெரிவது சில மி.மீ. மட்டும், மேலே சிறு கல் என்றால் சிஸ்டோஸ்கோப் வழியாக லேசரால் கல்லை உடைத்து, தெரியும் இழைகளைச் சுவர் மட்டத்தில் வெட்டிவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். சுவருக்குள் இருக்கும் மீதி திரும்ப எட்டிப்பார்க்கும் ஆபத்து உண்டு. அதனால் மூன்றாவது மாதமும் ஒரு வருடத்திலும் மறு சிஸ்டோஸ்கோப்பி வேண்டும். இரண்டாவது முறையும் வந்தால் லேசரை விட்டுவிட்டு, லேப்ராஸ்கோப்பியிலோ திறந்தோ சிறுநீர்ப்பைச் சுவரோடு சேர்த்து அந்தப் பகுதியை எடுத்துத் தைப்பதே சரி.

சிறுநீர்த்தாரையில் புகுந்திருந்தால் யோனி வழி அறுவை நல்லது. யோனி முன்சுவரில் தலைகீழ் 'ப' வடிவில் தோலைத் திறந்து, டேப்பைப் பிரித்து எடுத்து, தாரையைக் கரையும் மெல்லிய நூலால் தைத்து, மேலே இன்னொரு அடுக்குத் திசுவை இழுத்து மூட வேண்டும். திசு மெலிந்திருந்தால் யோனி உதட்டின் கொழுப்பை இரத்த ஓட்டத்தோடு திருப்பி இடையில் வைப்பார்கள். அது இல்லாமல் இரண்டு தையல் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தாரைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்துவிடும். சிறுநீரை வடிக்கும் குழாய் (கதீட்டர்) இரண்டு முதல் மூன்று வாரம் இருக்கும். திறந்த தாரையின் மேல் எக்காரணம் கொண்டும் புதிய செயற்கை மெஷ் வைக்கக் கூடாது.

டேப் எங்கும் புகவில்லை, ஆனால் இறுக்கமாக இருப்பதால் சிறுநீர் முழுதாகப் போகவில்லை என்றால் கதையே வேறு. அதற்கு டேப்பை எடுக்க வேண்டியதில்லை, தாரைக்கு அடியிலோ பக்கத்திலோ வெட்டிவிட்டால் போதும். சிறிய அறுவை. பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கசிவும் திரும்புவதில்லை, ஏனெனில் வருடக்கணக்கில் வளர்ந்த வடுத்திசு ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

வலி: எல்லாவற்றிலும் கடினமான முடிவு

தோல் மூடியிருக்கிறது, சிஸ்டோஸ்கோப்பி சுத்தம், ஆனால் உட்கார முடியவில்லை, கால் விரித்தால் இழுக்கிறது. இந்தப் பெண்களில் பலர் "மனப்பிரமை" என்று கேட்டு அலுத்துப்போய் வருகிறார்கள். வலி உண்மை. மெஷ்தான் காரணமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை கண்டுபிடித்த பிறகே கத்தியைத் தொட வேண்டும்.

ஒற்றை விரலால் மெஷ் போகும் பாதையை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்ப்பது முதல் வேலை. எந்தப் புள்ளியில் "இதுதான், இதே வலிதான்" என்கிறாரோ அதைக் குறிக்க வேண்டும். அங்கே நாண்போல் விறைத்த பட்டை கைக்குத் தட்டுப்பட்டால் மெஷ் சுருங்கி இழுக்கிறது என்று கொள்ளலாம். பிறகு மெஷ் இல்லாத இடங்களையும், குறிப்பாக இடுப்புத்தளத் தசைகளையும், அதேபோல அழுத்த வேண்டும். தசை முழுக்க வலித்தால், மெஷ்ஷால் தொடங்கிய வலி தசைப்பிடிப்பாக மாறி நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் மெஷ்ஷை மட்டும் எடுத்தால் வலி போகாது. சந்தேகமான புள்ளியில் நீண்டநேரம் வேலை செய்யும், மரத்துப்போகவைக்கும் ஊசியை 5 முதல் 10 மி.லி. போட்டுப் பார்க்கலாம். சில மணி நேரம் வலி அறவே நின்றால் இடம் உறுதியாகிறது. எடுத்தால் நிரந்தரமாகப் போகும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அறுவைக்கு முன் 6 முதல் 12 வாரம் இடுப்புத்தளப் பிசியோதெரபி செய்ய வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. வழக்கமாகச் சொல்லித்தரும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி, ஏற்கெனவே விறைத்திருக்கும் தசையை இன்னும் விறைக்கவைக்கும். தேவைப்படுவது தளர்த்தும் பயிற்சியும் உள்ளிருந்து தசையை நீவிவிடுவதும். கூடவே நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், கபாபென்டின் வகை மருந்துகள். அறுவை வேண்டாம் என்று தள்ளிப்போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இதைச் செய்துவிட்டு அறுவைக்குப் போகிறவர்களுக்கு எந்த வலி மெஷ்ஷால், எந்த வலி தசையால் என்று தெரிந்திருக்கும்.

இவற்றால் அடங்காமல், அழுத்தும்போது வலி மெஷ்மேல்தான் விழுகிறது என்றால் எடுப்பது நியாயம். எடுத்தபின் பலருக்கு வலி குறைகிறது, எல்லோருக்கும் முழுதாகப் போவதில்லை, சிலருக்கு மாற்றமே இருப்பதில்லை, சிலருக்கு அறுவையின் வடுவே புது வலியாகிறது. இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லாத மருத்துவரிடம் இந்த அறுவைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பகுதியா, முழுவதுமா?

சுவர்ப் பூச்சுக்குள் வைத்த கோழிவலையைப் பூச்சு உதிராமல் உருவி எடுக்கச் சொல்வது போன்ற வேலை இது. கண்ணிகளுக்குள் திசு வளர்ந்து பின்னியிருக்கிறது. இழுத்தால் வராது, வெட்டி வெட்டித்தான் பிரிக்க முடியும். சிறுநீர்ப்பைச் சுவரிலிருந்து பிரிக்கும்போது துளை விழுவது, பூப்பெலும்பின் பின்னாலுள்ள சிரைகளிலிருந்து இரத்தம் பெருகுவது, சிறுநீர்க்குழாயோ (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வருவது) மலக்குடலோ காயப்படுவது ஆகியவை அனுபவசாலிகள் கையிலும் நடப்பவைதான்.

யோனிப் பகுதியை மட்டும் எடுப்பதென்றால், திசுவுக்கு அடியில் உப்புநீர் செலுத்தித் தளத்தைப் பிரித்து, நடுக்கோட்டில் திறந்து, டேப்பை நடுவில் வெட்டி, இரு முனைகளையும் இடுக்கியால் பிடித்துப் பக்கவாட்டில் எலும்பு ஓரம்வரை பிரித்து எடுப்பார்கள். தையல் போடுவதற்கு முன் சிஸ்டோஸ்கோப்பி செய்து, சிறுநீர்க்குழாய்கள் இரண்டிலிருந்தும் சிறுநீர் பீச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். யோனியில் தெரிவதற்கும், உடலுறவு வலிக்கும், யோனிச் சுவரில் மட்டும் வலிப்பதற்கும் இது போதும். கைகள் உள்ளேயே இருக்கும், அவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

முழுதாக எடுப்பது வேறு அறுவை. பூப்பெலும்புப் பாதை டேப்புக்கு யோனியோடு லேப்ராஸ்கோப்பியும் வேண்டும். தொடைப் பாதை டேப்புக்கு இரு தொடையிடுக்கிலும் வெட்டி, உட்தொடைத் தசைகளுக்கு அடியில் அந்த இடுப்பெலும்புத் துளை வழியாகத் தொடைக்குப் போகும் நரம்பையும் இரத்தக்குழாயையும் தவிர்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். நடப்பதற்குச் சில வாரம் சிரமம் இருக்கும். யோனி வழி வைத்த இறக்க மெஷ்ஷின் பின்கைகள் தசைநாருக்குள், புட்ட நரம்புக்கு அருகில் இருப்பதால் முழுதாக எடுப்பது பல சமயம் முடியாத காரியம். "முழுதாக எடுத்துவிடுவோம்" என்று அறுவைக்கு முன்பே வாக்குக் கொடுப்பவரை நம்பக் கூடாது.

கொடுக்கும் விலை கசிவு திரும்புவது. டேப்பை எடுத்த பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை மறுபடி கசிவுக்கு ஆளாகிறார்கள். எவ்வளவு நீளம் எடுக்கிறார்களோ அவ்வளவு அதிகம். தொடையிடுக்கிலேயே வலி, அதுவும் காலை அசைக்கும்போது கூடுகிறது, அழுத்தினால் மெஷ் கையின் பாதையில் விழுகிறது என்றால் அந்தக் கையையும் எடுக்காமல் யோனிப் பகுதியை மட்டும் எடுப்பது அரைவேலை. முதல் அறுவையில் நடுவை வெட்டிவிட்டால் கைகள் சுருங்கி உள்ளே போய்விடும், அடுத்து வரும் மருத்துவருக்குத் தேடுவதே பாடு. ஆகவே தொடை வலி உள்ளவர்கள் முதல் முறையே இந்த அறுவையைத் தொடர்ந்து செய்யும் மையத்துக்குப் போவது நல்லது. யோனி வலி மட்டும் உள்ளவருக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று கைகளையும் எடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. பலன் கூடுவதற்கு நல்ல ஆதாரம் இல்லை, ஆபத்து கூடுவது உறுதி.

இங்கிலாந்தில் டேப் வைத்துக்கொண்ட சுமார் 95,000 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியான ஆய்வில், டேப்பை எடுக்க நேர்ந்தவர்கள் ஒரு வருடத்தில் 1.4 சதவீதம், ஐந்து வருடத்தில் 2.7, ஒன்பது வருடத்தில் 3.3. எண்ணிக்கை சிறிது. ஆனால் வருடம் போகப்போகக் கூடிக்கொண்டே போகிறது. ஒரு வருடம் பார்த்துவிட்டு "இனிப் பயமில்லை" என்று கோப்பை மூடுவது தவறு என்பதற்கு இதுவே சான்று.

பெண்கள் அதிகம் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில். பாலிப்ரொப்பிலீன் மெஷ் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. மூட்டுவலி, சோர்வு போன்ற உடல்முழுத் தொல்லைகளுக்காக மட்டும் மெஷ்ஷை எடுத்தால் அவை போகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

வயிறு வழியாக வைத்த மெஷ்

இது ஆபத்தே இல்லாதது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, சரியல்ல. அமெரிக்காவில் ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியான ஆய்வு, மெஷ் அல்லது தையல் நூல் வெளியே தெரியும் வாய்ப்பை 10.5 சதவீதம் என்று கணித்தது. அதில் பழைய வகை மெஷ்களும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருப்பையை வாயோடு சேர்த்து எடுத்துவிட்டு அந்தத் தையல் மேலேயே மெஷ் வைத்தவர்களுக்கு ஆபத்து அதிகம். கருப்பை வாயை விட்டுவைத்தவர்களுக்குக் குறைவு.

உச்சியில் தெரிவது மெஷ்ஷா, கரையாத நூலா என்று முதலில் பார்க்க வேண்டும். நூல் என்றால் வெட்டி உருவினாலே தீர்ந்தது. மெஷ் என்றால் யோனி வழியாக எட்டும் அளவை எடுத்து மூடுவது முதல் படி. அது தோற்றால்தான் வயிறு வழி. திரிகவெலும்பு முனையை எடுப்பது, பெரிய இடுப்புச் சிரை, வலது சிறுநீர்க்குழாய் ஆகியவற்றை ஒட்டிய வேலை. தொற்று அங்கே இல்லாவிட்டால் அந்த முனையை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

தள்ளிப்போடவே கூடாத ஒன்று: இந்த அறுவை செய்தவருக்குப் புதிதாகக் கீழ்முதுகு வலி, அதோடு காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ. முதுகெலும்புத் தட்டில் தொற்று ஏறியிருக்கலாம். சாதாரண முதுகு வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்புவதால்தான் பலருக்குத் தாமதமாகிறது. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தட்டுத் தொற்று என்றால் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக்கும், பெரும்பாலும் மெஷ் முழுவதையும் எடுப்பதும் தேவை. வயிறு உப்பி வாந்தி வந்தால் குடல் மெஷ்ஷில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எடுத்த பிறகு கசிவோ இறக்கமோ திரும்பினால்

எடுக்கும்போதே மாற்று அறுவையையும் சேர்த்துச் செய்வதா என்று கேட்பார்கள். தொற்றும் தாரைத் துளையும் இல்லாத நல்ல திசுவில் சிலர் சேர்த்தே செய்கிறார்கள். எங்கள் பரிந்துரை மூன்று முதல் ஆறு மாதம் காத்திருப்பது. கணிசமானோருக்குக் கசிவு திரும்புவதே இல்லை, திரும்பாத கசிவுக்கு எதற்கு அறுவை?

திரும்பினால், நோயாளியின் சொந்தத் தசையுறைப் பட்டையால் தாரையைத் தாங்கும் ஸ்லிங், யோனிச் சுவரைப் பூப்பெலும்பின் பின்னாலுள்ள தசைநாரோடு தூக்கித் தைக்கும் பர்ச் அறுவை, தாரையைச் சுற்றி நிரப்புப்பொருள் ஊசி, இவை மூன்றும் செயற்கை மெஷ் இல்லாத வழிகள். முதல் இரண்டையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வில் இரண்டு வருட முடிவில் கசிவு நின்றவர்கள் தசையுறை ஸ்லிங்கில் 66 சதவீதம், பர்ச்சில் 49. சிறுநீர்த் தொற்றும் சிறுநீர் போவதில் சிரமமும் ஸ்லிங்கில்தான் அதிகம். தாரைக்கு அருகில் ஏற்கெனவே வடு நிறைந்தவருக்கு எங்கள் முதல் தேர்வு தசையுறை ஸ்லிங். அடிவயிற்றுச் சுவரிலிருந்து பட்டையை எடுப்பதால் அங்கும் ஒரு தையல் இருக்கும். ஊசி எளிது, ஆனால் பலன் குறைவு, திரும்பப் போட வேண்டிவரும்.

இறக்கத்துக்குப் புண் ஆறியபின் யோனிக்குள் வைத்துத் தாங்கும் பெஸரி வளையம், அல்லது சொந்தத் தசைநார்களிலேயே தைக்கும் அறுவை. இதிலும் காலப்போக்கில் இறக்கம் ஓரளவு திரும்புவது சகஜம். ஆனால் பரிசோதனையில் கொஞ்சம் இறங்கித் தெரிவதும், பெண்ணுக்குத் தொல்லை தருவதும் ஒன்றல்ல. மறு அறுவை தேவைப்படுவோர் சிலரே.

எந்த அறுவை செய்துகொண்டாலும் வீடு திரும்பும் முன் சில விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எடுத்தது எத்தனை செ.மீ., எந்தப் பக்கம், உள்ளே விட்டது எந்தப் பகுதி, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ தையல் போட்டார்களா. எடுத்த துண்டை அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் இருந்தால் நல்லது. ஆறு வாரத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். ஆறு வாரத்தில் தையல் ஆறியதா என்றுதான் தெரியும். வலி குறைந்ததா, கசிவு திரும்பியதா என்பதற்கு ஆறாவது மாதப் பரிசோதனைதான் முக்கியம், அதைத் தவறவிடாதீர்கள்.